அடுப்பு லோரியின் கடைசி வெள்ளிக்கிழமை

அத்தியாயம் 5

"என் டிரைவர் இன்னிக்கு மத்தியானம் போலீஸ்ல போய்த் தப்பை ஒத்துக்கப் போறான் மேடம். என்ன தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறான்."

அமுதவள்ளி இப்படி ஆரம்பித்தபோது என் வாயில் ரோட்டி சானாய் இருந்தது. துப்பறியும் தொழிலில் அதிர்ச்சிச் செய்திகள் எல்லாம் நான் மெல்லும்போதுதான் வரும். நான் மெல்லாத நேரம் குறைவு என்பதும் ஒரு காரணம்.

"ஒத்துக்கப் போறவனை நிறுத்தச் சொல்லி இந்தப் படி ஏறின முதல் ஆள் நீங்கதான்," என்றாள் புனிதா அக்கா. "மத்தவங்க எல்லாம் ஒத்துக்காதவனைப் பிடிச்சு உலுக்கச் சொல்லித்தான் வருவாங்க. உக்காருங்க."

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். கீழே மல்லிகை மணக்கும், மேலே நாங்கள் இருப்போம். புனிதா அக்கா முன்பு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், எரிந்த கடைகளைப் போய்ப் பார்த்து 'இது பிடித்த தீயா, வைத்த தீயா' என்று சொல்லும் வேலையில் இருந்தவள். அந்த வேலையில் மனித குலத்தின் மேலிருந்த மரியாதை முழுக்கக் கரைந்து ஒரே ஒரு சொட்டு மிச்சமிருந்தது. அதையும் என்னை வேலைக்கு எடுத்த அன்று செலவழித்துவிட்டாள். என் பெயர் அழகிரி. அவளுடைய உதவியாளன். கார் ஓட்டுவது, சாப்பாடு வாங்குவது, அவள் புத்திசாலியாகத் தெரியும்படி முட்டாள்தனமான கேள்வி கேட்பது ஆகியவை என் வேலைகள். கடைசி வேலைக்கு நான் பயிற்சி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

அமுதவள்ளி கிள்ளானில் லோரி கம்பெனி நடத்துகிறவர். டிரைவர்களுக்கு அவர் 'தவுக்கே', அதாவது முதலாளி. ஐம்பது வயது, கம்பெனிப் பெயர் போட்ட டீ-ஷர்ட், இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். அவர் லோரிகள் எல்லாம் டீசலில் ஓடுகிறவை. போன வருடம் அவற்றில் ஒன்றின் இன்ஜினைத் தூக்கிவிட்டு, புரொப்பேன் கேஸில் ஓடுகிற இன்ஜினை மாட்டினார். மற்ற டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லோரிக்கு 'அடுப்பு' என்று பெயர் வைத்தார்கள். ஒருத்தனும் ஓட்ட வரவில்லை. சுகுமாறன் என்பவன் மட்டும் சாவியை வாங்கிக்கொண்டான். போன வெள்ளிக்கிழமை காலை அந்த அடுப்பு, யார்டில் நின்ற இடத்திலேயே பற்றி எரிந்துவிட்டது.

"எங்க யார்டு சூப்பர்வைசர் ராஜன் சொல்றான், காலையிலேர்ந்தே கேஸ் கசிஞ்ச நாத்தமாம். சுகுமாறன் அதைக் கவனிக்காம பக்கத்துல நின்னு சிகரெட் பத்த வச்சானாம். அவன் சிகரெட்டே குடிக்க மாட்டான் மேடம்! ஆனா வாயைத் திறந்து இல்லைன்னும் சொல்ல மாட்டேங்கிறான். 'எல்லாம் என்னாலதான் தவுக்கே, நானே போலீஸ்ல சொல்லிடறேன்'னு அழறான். ஜெஞ்சாரோம்ல இருக்கற அம்மாகிட்ட சொல்லிட்டு, சாப்பாட்டுக்கப்புறம் ஸ்டேஷனுக்குப் போறானாம். போனையும் அடைச்சு வச்சிட்டான். லைசென்ஸ் போயிரும், உள்ள வச்சிருவாங்க. சின்னச் சின்னப் பிள்ளைங்க லா மேடம் அவனுக்கு."

"உங்களுக்குச் சொந்தமா?"

"சொந்தக்காரனா இருந்தா இவ்வளவு நல்லவனா இருப்பானா?"

அக்கா அவரை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தாள்.

"கேஸ் எதுக்கு? யாரு குடுத்த யோசனை?"

"டீசல் காணாமப் போய்க்கிட்டே இருந்துச்சு. சாயங்காலம் நிறுத்தினா காலையில முள்ளு இறங்கியிருக்கும். டியூபை விட்டு வாயால உறிஞ்சி எடுத்துடறாங்க. எவன்னே பிடிக்க முடியல. கேஸை அப்படி உறிஞ்ச முடியாதுல்ல? சுங்கை வேயில செல்வகுமார்னு ஒரு தம்பி இன்ஜின் மாத்திக் குடுத்தாரு."

"ஆக, திருடனைப் பிடிக்கத் துப்பில்லாம இன்ஜினை மாத்தினீங்க."

"ஆமா."

"நல்லது. இந்த நாற்காலியில உக்காந்து உண்மை பேசறவங்க அபூர்வம். கேஸ் லோரி திருப்தியா ஓடிச்சா?"

"ஓடாமயா? வியாழக்கிழமைதான் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன், மத்த லோரியையும் வரிசையா கேஸுக்கு மாத்தப் போறேன்னு. மறுநாளே இப்படி."

புனிதா அக்கா எழுந்து கைப்பையை எடுத்தாள். "அழகிரி, முழுங்கு. கிள்ளான் போறோம்."

பெடரல் ஹைவேயில் என் மைவி கார், நடக்கிறவர்கள் பரிதாபப்படும் வேகத்தில் ஊர்ந்தது. முன்னால் அமுதவள்ளியின் கார். பக்கத்தில் ஒரு டீசல் லோரி நின்று என் ஜன்னலுக்குள் கறுப்புப் புகையை அன்போடு ஊதியது.

"கேஸ் லோரியால என்ன லாபம், சொல்லு," என்றாள் அக்கா. நான் படிக்கட்டு இறங்கும்போதே போனில் தேடிப் படித்திருந்தேன். படிக்கட்டு நீளம், என் அறிவும் அந்த நீளம்தான்.

"சுத்தமா எரியும் அக்கா. இந்தக் கரிப்புகை கிடையாது. இன்ஜின் ஆயில் மாசக்கணக்குல தேன் மாதிரியே இருக்குமாம். சத்தமும் கம்மி. டீசல் மாதிரி கடகடன்னு எலும்பை உலுக்காது. திருட முடியாதுன்னு தவுக்கே சொன்னது கூடுதல்."

"நஷ்டம்?"

"மேட்டுல இழுவை குறையும். ஒரு லிட்டருக்கு டீசல் போற தூரம் போகாது. டேங்க் பெருசு, அதையும் முழுசா நிரப்பக் கூடாது. வெயில்ல கேஸ் விரியும், அதுக்கு இடம் விடணும்."

"அந்த விதியை உன் வயித்துக்கும் சொல்லி வை."

"நிரப்பறதுக்கும் இடமில்ல. கிள்ளான்ல ஒரு டிப்போ, அதை விட்டா ரவாங். நடுவுல தீர்ந்தா இறங்கித் தள்ள வேண்டியதுதான். அப்புறம் இது காத்தைவிட கனமாம். கசிஞ்சா மேல போகாது. தரையோட படுத்துக்கும், பள்ளத்துல போய்த் தேங்கும். ஒரு பொறி பட்டா முடிஞ்சுது. மனுஷனுக்குத் தெரியட்டும்னுதான் அழுகின முட்டை நாத்தத்தைக் கலந்து விடறாங்க."

பக்கத்து லோரி டிரைவர் ஜன்னல் வழியாகத் துப்பினான். அக்கா அதைப் பார்த்தாள்.

"டீசல்காரன் கேஸைப் பார்த்துச் சிரிக்கிறான். கேஸ் விக்கறவன் டீசலைப் பார்த்து மூக்கைப் பிடிக்கிறான். ஜாம்ல ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துலதான் நிக்கிறானுங்க," என்றாள். "சரி, ஓட்டு. இதுக்குப் பேரு ஓட்டறதுன்னா."

கிள்ளான் யார்டு, ஒரு தெருவின் கடைசியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் டீசல் லோரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முன் சக்கரத்துக்கும் கீழே நசுங்கிய எலுமிச்சம்பழம், அதற்கு முன்னால் தரையில் சூடம் எரிந்த கறுப்பு வட்டம், காய்ந்த சாமந்தி. வெள்ளிக்கிழமைப் பூசையின் மிச்சம். அவற்றுக்குத் தள்ளி, ஆபீஸ் கட்டடத்தின் மாடி வராந்தாவுக்கு நேர் கீழே, 'இங்கே நெருப்பு கூடாது' என்று மலாயிலும் தமிழிலும் எழுதிய சிவப்புப் பலகை. பலகைக்குப் பக்கத்தில் அடுப்பு.

பாவமாக இருந்தது. கூரைக் கன்வாஸ் போய், வளைந்த கம்பிகள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. டிரைவர் அறையின் உச்சி கருகியிருந்தது. ஆனால் கீழே, முன் பம்பரில் நீல பெயிண்ட் இன்னும் பளிச்சென்று இருந்தது.

ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்களில் ஒருவன் என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "பாஸ், அடுப்பு சாம்பலாயிருச்சு. இனிமே ரசம் எங்க வைக்கிறதுன்னு துப்பறிய வந்தீங்களா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அக்கா பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கினேன்.

"டேங்க்ல கேஸ் எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று அமுதவள்ளியிடம் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மேடம். தீயில சூடு ஏறினதும் பாதுகாப்பு வால்வு தானா திறந்து கேஸை வெளிய விட்டுருச்சாம். அதனாலதான் வெடிக்கலன்னு செல்வகுமார் வந்து பார்த்துட்டுச் சொன்னாரு. ஆனா அதுக்கு முந்தியே கசிஞ்சுதா இல்லையான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதாம்."

அப்போது ராஜன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பையில் மூன்று பேனா, மூக்கில் ஓர் இன்ஹேலர் குச்சி. பேசும்போது குச்சி இந்தத் துவாரத்திலிருந்து அந்தத் துவாரத்துக்குக் குடி மாறிக்கொண்டே இருந்தது. இப்படி ஒரு மூக்கை வைத்துக்கொண்டு கேஸ் வாசனைக்குச் சாட்சி சொல்ல வந்தவனை உலகம் நம்பிக்கொண்டிருந்தது.

"காலையில வந்து மேல ஆபீஸ் கதவைத் திறந்தேன் மேடம். குப்புனு அடிச்சுது. வராந்தாவுல நிக்க முடியல. கீழ இருக்கறவனுங்களுக்கு மூக்கே கிடையாது, என்ன செய்யறது?"

"மேல, வராந்தாவுல?"

"ஆமா மேடம். அங்கதான்."

இந்த இடத்தில்தான் என் அறிவு பொங்கியது. "அதெப்படி அண்ணே? புரொப்பேன் காத்தைவிட கனமாச்சே! தரையோட இல்ல கிடக்கும்? மேல எப்படி..."

அக்காவின் செருப்புக் குதிகால் என் கால் மேல் இறங்கியது. தாமதமாகத்தான் இறங்கியது.

ராஜனின் குச்சி நின்றுவிட்டது. கண்ணுக்குள் ஏதோ கணக்கு ஓடியது. பிறகு குச்சி மறுபடி நகர்ந்தது.

"கீழ இல்லைன்னு யாரு சொன்னா தம்பி? கீழதான் பயங்கரம்! நான் இறங்கி வந்து பார்த்தேனே. முன் சக்கரத்துக்கிட்ட குனிஞ்சேன், கண்ணுல தண்ணியே வந்துருச்சு. கேஸு அங்க குளமா நின்னுச்சு மேடம். மேல வந்தது அதுல கொஞ்சம்தான்."

"முன் சக்கரத்துக்கிட்ட."

"முன் சக்கரத்துக்கிட்டதான். சத்தியமா."

"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து தீப்பிடிக்கிற வரைக்கும். விடாம."

"ரொம்ப நன்றி ராஜன் அண்ணே," என்றாள் அக்கா. அவள் நன்றி சொன்னால் யாருக்கோ நேரம் சரியில்லை. அந்த யாரோ நான்தான் என்று நினைத்தேன்.

மாடிப்படி பக்கம் போனதும் திட்டு விழுந்தது. "அவன் பொய்யில ஆள் நுழையற அளவுக்கு ஓட்டை இருந்துச்சு. நீ போய் சிமெண்டு பூசிக் குடுத்துட்ட."

"ஸாரி அக்கா."

"உன் தலையில கேஸ் இருந்தாக்கூட இன்னேரம் எதுக்காவது உபயோகப்பட்டிருக்கும்."

படிக்குக் கீழே காலி டின்களுக்கு நடுவில் ஒரு பச்சை ரப்பர் டியூப் சுருண்டு கிடந்தது. அதன் ஒரு முனை கடித்துக் கடித்துத் தட்டையாகியிருந்தது. டீசல் வாடை. அக்கா அதை ஒரு கைக்குட்டையால் தூக்கிப் பார்த்து, "யாருக்கோ பல்லு பலம்," என்று சொல்லி அப்படியே வைத்தாள். பிறகு மாடி ஏறி, வராந்தாக் கைப்பிடியை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கினாள். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சொல்வது சுவருக்குச் சொல்வதைவிட ஆபத்து என்பதை இப்போதுதானே நிரூபித்திருந்தேன்.

யார்டு வாசலுக்கு எதிரே மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. தே தாரிக் என்கிற பால் டீயைத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தவன் பெயர் இம்ரான். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன். கல்லாவுக்குப் பக்கத்துத் தூணில் ஒரு லைட்டர் கயிற்றில் தொங்கியது. கடையிலிருந்து பார்த்தால் அடுப்பு லோரியின் முகமும் முன் சக்கரமும் நேராகத் தெரிந்தன. மாடி வராந்தாவில் நிற்கிறவனுக்கு அந்தச் சக்கரம் தெரியாது. லோரித் தலையே மறைத்துவிடும்.

"தம்பி, சுகுமாறன் என்ன சிகரெட் குடிப்பான்?" என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அண்ணன் குடிக்கவே மாட்டாருங்க மேடம்."

"அப்ப வெள்ளிக்கிழமை உன் லைட்டரை எதுக்கு வாங்கிட்டுப் போனான்?"

தே தாரிக் ஒரு குவளையிலிருந்து மற்றதற்குப் போகும் வழியில் தரைக்குப் போய்விட்டது. "யாரு மேடம் சொன்னது?"

"நீதான். இப்ப."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள். "சிகரெட் குடிக்காத ஒருத்தன், தீக்கு நான்தான் காரணம்னு அழறான்னா, எதையோ கொளுத்தியிருக்கான். இந்தத் தெருவுல கடன் கேக்கறதுக்கு இருக்கற நெருப்பு இந்தத் தூண்ல தொங்கறது ஒண்ணுதான். சொல்லு தம்பி."

இம்ரான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லா லோரிக்கும் சூடம் காட்டிட்டுத்தான் வண்டியை எடுப்பாங்க மேடம். அண்ணன் லோரிக்கு மட்டும் கிடையாது. போர்டு போட்டுட்டாங்கல்ல, நெருப்பு கூடாதுன்னு. ஒரு எலுமிச்சம்பழம்கூட வைக்க விடமாட்டாங்க. 'அடுப்புக்கு எதுக்குடா பூசை'ன்னு சிரிப்பாங்க. அண்ணனுக்கு அது மனசு கேக்கல. அன்னிக்கு மத்த வண்டியெல்லாம் கிளம்பிப் போனதும் லைட்டரை வாங்கிட்டுப் போனாரு. சின்ன வில்லைதான் மேடம். முன் சக்கரத்துக்கு நேரா தரையில வச்சுக் கொளுத்தினாரு. அது அணையற வரைக்கும் கும்பிட்டுக்கிட்டே நின்னாரு."

"அப்புறம்?"

"வந்து லைட்டரைக் குடுத்தாரு. டீ போட்டுக் குடுத்தேன். பாதி குடிச்சிருப்பாரு, பார்த்தா லோரியில தீ. கிளாஸைப் போட்டுட்டு ஓடினாரு. லோரியை வெளிய எடுத்துடலாம்னு கதவைப் பிடிச்சு, கையெல்லாம் வெந்துபோச்சு."

"தீ எங்க பிடிச்சுது? கீழயா?"

"இல்ல மேடம், உச்சியில. கன்வாஸ்ல. கறுகறுன்னு புகை."

"இதை யாருகிட்ட சொன்ன?"

"அல்லா மேல சத்தியமா யாருகிட்டயும் சொல்லல! சொன்னா அண்ணனைத் தூக்கிட்டுப் போயிருவாங்கள்ல? நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டோம், சாகற வரைக்கும் சொல்றதில்லைன்னு. அப்புறம் அண்ணனாலதான் தாங்க முடியல."

இதற்குள் நான் வாங்கி வாயில் போட்டிருந்த ரோட்டி மண்ணாகிவிட்டது. கேஸ் லோரி, நெருப்பு கூடாது என்ற பலகை, அதற்குக் கீழே சூடம். அந்த மனிதன் ஒத்துக்கொள்ளப் போவது இதைத்தான். ஒத்துக்கொள்ள வேண்டியதும் இதுதான்.

"முடிஞ்சுது அக்கா," என்றேன். "அவன்தான் கொளுத்தியிருக்கான். பாவம், பக்தியில கொளுத்தியிருக்கான். ஜட்ஜுக்கு முன்னால பக்தியெல்லாம் செல்லாது. வாங்க, தவுக்கேகிட்ட நானே சொல்றேன். எனக்கு அழுகை நல்லா வரும்."

புனிதா அக்கா சிரித்தாள். நான் அவளிடம் சேர்ந்ததிலிருந்து அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. பழைய டீசல் இன்ஜின் குளிரில் கிளம்புவது போல இருந்தது.

"முட்டாள். அந்த சூப்பர்வைசர் என்ன சொன்னான்? கேஸ் எங்க நின்னுச்சு?"

"முன் சக்கரத்துக்கிட்ட. குளமா."

"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து. விடாம."

"அந்தக் குளத்துக்கு நடுவுல ஒருத்தன் சூடத்தை வச்சு, குனிஞ்சு கொளுத்தி, அது எரிஞ்சு தீர்ற வரைக்கும் பக்கத்துல நிக்கிறான். என்ன ஆகியிருக்கணும்?"

"கும்பிட்ட சாமியை நேர்லயே பார்த்திருப்பான்."

"ஆனா இவன் லைட்டரைத் திருப்பிக் குடுத்துட்டு டீ குடிச்சிருக்கான்."

எனக்கு மெதுவாகத்தான் விடிந்தது. எனக்கு எப்போதும் மேற்கிலிருந்துதான் விடியும். "அப்ப தரையில கேஸே இல்ல."

"ஒரு மூச்சுக்கூட இல்ல. கசிவே இல்லைங்கறதுக்கு அந்த சூடத்தைவிட நல்ல சோதனையை எந்த இன்ஜினியராலயும் பண்ண முடியாது. பண்ணினா அவன் இன்ஜினியர் இல்ல, பைத்தியம். இவனுங்க ரெண்டு பேரும் என்ன பண்ணியிருக்கானுங்க பாரு. அவனைக் காப்பாத்தற ஒரே விஷயத்தை, அவனைக் காப்பாத்தறதுக்காக மறைச்சு வச்சிருக்கானுங்க!" இம்ரான் பக்கம் திரும்பினாள். "நீ எங்ககூட வந்து, பார்த்ததை அப்படியே சொல்ற. அழுதுகிட்டே சொல்லாத."

தெருவைக் கடக்கும்போது என் காதருகே சொன்னாள். "மேல மட்டும்தான் நாத்தம்னு அவன் நின்னிருந்தா எனக்குச் சந்தேகம் மட்டும்தான் இருந்திருக்கும். முன் சக்கரம், குளம், சத்தியம்னு அவன் வாயாலயே வரவச்சது உன் அசட்டுத்தனம். இன்னிக்கு உனக்கு மத்தியானச் சாப்பாடு என் செலவு."

வாழ்க்கையில் என் மூளைக்குக் கிடைத்த ஒரே விருது அதுதான்.

அமுதவள்ளியையும் ராஜனையும் லோரிக்கு முன்னால் நிறுத்தி, இம்ரானைப் பேச விட்டாள். சூடம் என்ற சொல் வந்ததும் ராஜன் முகத்தில் தீபாவளி.

"கேட்டீங்களா தவுக்கே! கேஸ் லோரிக்கு முன்னால சூடம்! நான் சிகரெட்டுன்னு நெனச்சேன், இது அதைவிட மோசம். நான் அப்பவே சொன்னேன்ல?"

"என்ன சொன்னீங்க?" என்றாள் அக்கா. "முன் சக்கரத்துக்கிட்ட கேஸ் குளமா நின்னுச்சுன்னு சொன்னீங்க. அந்தக் குளத்துல சூடம் எரிஞ்சு, அணைஞ்சு, அவன் ரோட்டைத் தாண்டிப் போய் டீ பாதி குடிச்சிருக்கான். உங்க குளம் அவ்வளவு நேரம் யாருக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு?"

குச்சி நின்றது. "அப்ப... அதுக்கப்புறம் கசிஞ்சிருக்கும்."

"காலையிலேர்ந்து விடாமன்னு சத்தியம் பண்ணினீங்களே. எந்த சாமி மேல?"

ராஜன் அமுதவள்ளியைப் பார்த்தான். அவர் பார்த்த பார்வையில் எனக்கே பின்னால் ஓர் அடி வைக்கத் தோன்றியது.

"தீ உச்சியில பிடிச்சிருக்கு," அக்கா தொடர்ந்தாள். "லோரி உச்சிக்கு மேல இருக்கறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு வானம், இன்னொண்ணு உங்க வராந்தா. வானத்துக்குக் கைப்பிடி கிடையாது. உங்க வராந்தாக் கைப்பிடியில டீசல் பிசுபிசுன்னு இருக்கு, கருகின துணி நூலும் ஒட்டியிருக்கு. டீசல்ல நனைச்ச துணியைக் கொளுத்திக் கீழ போட்டுட்டு, 'ஏன் மேல நின்ன'ன்னு யாராவது கேட்டா சொல்றதுக்குத்தான் வராந்தாவுல நாத்தம்னு கதை கட்டினீங்க. கேஸ் மேல ஏறாதுன்னு படிச்சுப் பார்க்கக்கூட சோம்பேறித்தனம்."

"நான் எதுக்கு மேடம் கொளுத்தணும்? எனக்கு என்ன லாபம்?"

அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் படிக்கட்டுக்குக் கீழிருந்து பச்சை டியூபைக் கைக்குட்டையோடு கொண்டுவந்து நீட்டினேன்.

"கொஞ்சம் வாயைத் திறந்து காட்டுங்க ராஜன் அண்ணே. பல்லுத் தடம் சரியா பொருந்துதான்னு பார்க்கறேன்."

ராஜன் வாயை இறுக மூடிக்கொண்டான். உதட்டை மடித்துக்கொண்டு, இரண்டு துவாரத்தாலும் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றான். அத்தனை டிரைவர்களும் அதைப் பார்த்தார்கள். ரசம் ஜோக் அடித்தவன்கூடச் சிரிக்கவில்லை.

அமுதவள்ளிதான் பேசினார். "நான் விடிய விடிய உக்காந்து யாரு திருடறான்னு உன்கிட்டதானேடா புலம்பினேன். நீயும் கூட உக்காந்து உச்சுக்கொட்டினியேடா."

அவன் வாய் திறந்தது. "எல்லா லோரியையும் மாத்தறேன்னுட்டீங்க. மாத்தினா நான் எதை..." என்று பாதியில் நிறுத்தினான். எதை உறிஞ்சுவேன் என்று முடிக்க அவனுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், இருந்தால் நல்லது. "லோரிதானே போகும்னு நெனச்சேன். சுகுமாறன் தானா வந்து மாட்டுவான்னு யாருக்குத் தெரியும்?"

"மாட்டினதும் சிகரெட் கதை கட்டி அமுக்கப் பார்த்தியே," என்றாள் அக்கா. அவள் குரலில் இவ்வளவு நேரம் இருந்த விளையாட்டு போய்விட்டது. "அவன் பிள்ளைங்க சோத்தைச் சேர்த்து உறிஞ்சப் பார்த்தவன் நீ. இந்த டியூப் உன்னைவிட மரியாதையான சாமான்."

டிரைவர்கள் அவனைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அமுதவள்ளி போலீஸுக்குப் போன் போட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுகுமாறன் சொன்ன சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. நானே மறந்திருந்தேன் என்றால் நிலைமை எவ்வளவு தீவிரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனுக்கு மைவியை நான் ஓட்டிய விதத்தைப் பற்றிப் புனிதா அக்கா முதல்முறையாகக் குறை சொல்லவில்லை. பின்சீட்டில் இம்ரான் எல்லாத் தெய்வங்களையும் மதப் பாகுபாடின்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சுகுமாறன் கவுண்டருக்கு முன் வரிசையில் நின்றான். ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை, வலது கையில் கட்டு. இடது கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே துண்டு, சோப்பு, டூத் பிரஷ். அன்றைக்கே உள்ளே வைத்துவிடுவார்கள் என்று தயாராக வந்திருக்கிறான். உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பரீட்சைக்கு முந்திய நிமிடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்களே, அப்படி.

இம்ரான் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தான். "அண்ணே, நான் சொல்லிட்டேன்ணே!"

சுகுமாறன் முகம் செத்துவிட்டது. பிறகு அக்கா முன்னால் போய், எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னாள். கன்வாஸ், வராந்தா, ராஜன், டியூப். அவன் பாதிதான் கேட்டான் என்று நினைக்கிறேன்.

"அப்ப என் சூடத்தால இல்லையா அக்கா?"

"உன் சூடத்தாலதான் அவன் மாட்டினான்."

"அப்ப நான் கொளுத்தினது தப்பில்லையா?"

"தப்புதான்டா மடையா! கேஸ் லோரிக்கு முன்னால சூடம் கொளுத்தினதுக்கு உன்னைச் செருப்பாலயே அடிக்கணும். நிஜமாவே ஒரு சொட்டு கசிஞ்சிருந்தா இன்னேரம் உன் பொண்டாட்டி..." அக்கா நிறுத்திவிட்டாள். சுவரிலிருந்த அறிவிப்பைக் கொஞ்ச நேரம் அக்கறையாகப் படித்தாள். அது காணாமல்போன சைக்கிளைப் பற்றியது.

"மத்த எல்லா லோரிக்கும் காட்டறாங்க அக்கா," என்றான் சுகுமாறன். "அது மட்டும் ஓரமா நின்னு பார்த்துக்கிட்டு இருக்கும்."

கவுண்டரிலிருந்து கூப்பிட்டார்கள். கான்ஸ்டபிள் தலையைத் தூக்கி, என்ன விஷயம் என்று கேட்டார். ஜெஞ்சாரோமிலிருந்து வழி நெடுக மனப்பாடம் செய்த வாக்கியம் சுகுமாறன் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

"சாயா சாலா, துவான்." என் தப்புதான் ஐயா.

அக்காவின் குதிகால் அவன் கால் மேல் இறங்கியது. இந்தத் தடவை சரியான நேரத்தில். கான்ஸ்டபிள் எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். சுகுமாறன் பிளாஸ்டிக் பையை என்னிடம் கொடுத்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மலாயில் முதலிலிருந்து ஆரம்பித்தான். புகார் கொடுக்க வந்திருக்கிறேன், என் லோரியை ஒருத்தன் கொளுத்திவிட்டான் என்றான். கான்ஸ்டபிள் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

"துவான், அதுக்கு முன்னால இதைப் போடுங்க," என்றான். "லோரி நல்லா ஓடிச்சு. மேட்டுல மட்டும் கொஞ்சம் மெதுவா ஏறும். மத்தபடி சத்தமே இருக்காது. ஒரு நாள்கூட என்னை வழியில விட்டதில்ல."

அது புகாருக்கு வேண்டிய விஷயமா என்று கேட்கிற முகத்தோடு கான்ஸ்டபிள் அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இப்போது விழும் ஒரு குத்தலுக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு தயாராக நின்றேன்.

"எழுதிக்குங்க," என்றாள் புனிதா அக்கா.